வெளிநாட்டுப் பயணத்தில் வாசிப்பு விட்டுப்போகாமல் இருக்க

முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஐந்து புத்தகங்கள் எடுத்துப் போனேன். பத்து நாள் பயணம். திரும்பி வந்தபோது நான்கு புத்தகங்கள் பிரிக்காமலே இருந்தன. ஐந்தாவதில் பதினெட்டாம் பக்கத்தில் போர்டிங் பாஸ் செருகியிருந்தது. நேரமே கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அது பொய். குடிநுழைவு வரிசையில் ஒன்றரை மணி நேரம், இணைப்பு விமானத்துக்குக் காத்திருந்த மூன்று மணி நேரம், அதிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக் கிடந்த நான்கு இரவுகள் என்று நேரம் கொட்டிக் கிடந்தது. அப்போதெல்லாம் புத்தகம் பெட்டியின் அடியில் துணிகளுக்கு நடுவே இருந்தது. கையில் இருந்தது ஃபோன்.

அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதெல்லாம் இதைச் சுற்றித்தான்: சும்மா இருக்கும் நேரம் வரும்போது, அந்த நேரத்துக்கு ஏற்ற புத்தகம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முதல்முறை கிளம்புகிறவர்களுக்காக, நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் பயணத் திட்டத்தைப் பாருங்கள், அலமாரியை அல்ல

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது பயணத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி, எங்கெங்கே சும்மா உட்காரப் போகிறீர்கள் என்று குறியுங்கள். விமானம், காத்திருப்பு, நகரம் விட்டு நகரம் போகும் ரயில், தூங்கப் போகும் முன் உள்ள நேரம். பிறகு அந்த நேரத்தைத் தாராளமாக வெட்டுங்கள். பத்து மணி நேர விமானப் பயணத்தில் சாப்பாடு, தூக்கம், ஒரு சினிமா, ஜன்னல் வழியே வேடிக்கை எல்லாம் போக இரண்டு மணி நேரம் வாசித்தால் பெரிய விஷயம். மணிக்கு முப்பது பக்கம் வாசிப்பவருக்கு அது அறுபது பக்கம். இப்படிக் கூட்டிப் பார்த்தால் பத்து நாள் பயணத்துக்கு ஒரு நடுத்தர நாவலும் கொசுறாக இன்னொரு சிறிய புத்தகமும் போதும் என்று தெரிந்துவிடும். ஐந்து புத்தகம் என்பது ஆசைக்கணக்கு.

யாருடன் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தனியாகப் போனால் மாலைகள் உங்களுடையவை. குடும்பத்தோடு போய், எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் மூன்றாம் நாள் சண்டை வரும். அந்த மாதிரிப் பயணத்தில் நான் விடிகாலையை மட்டும் எனக்கென்று எடுத்துக்கொள்வேன். மற்றவர்கள் எழுந்து தயாராக எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும்.

தினமும் ஐம்பது பக்கம் என்று இலக்கெல்லாம் வைக்காதீர்கள். ஒரு நாள் தவறினால் மொத்தமும் தவறிய மாதிரித் தோன்றி, புத்தகத்தை மூடிவிடுவீர்கள். விளக்கை அணைக்கும் முன் ஐந்து பக்கம் என்று ஒரே ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் லாபம்.

எந்தப் புத்தகம்?

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ‘வீட்டில்தான் படிக்க முடியவில்லை, பயணத்திலாவது முடித்துவிடுவோம்’ என்று இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட எண்ணூறு பக்க நாவலை எடுத்துப் பெட்டியில் போடுவார்கள். அமைதியான வீட்டில் ஓடாத புத்தகம், அறிவிப்பு ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தால் எப்படி ஓடும்? புதிய இடத்தில் மனசு ஏற்கெனவே நிறைய வேலை செய்துகொண்டிருக்கும். எந்த வாயில், எந்த நடைமேடை, கடவுச்சீட்டு எங்கே என்று ஒரு பகுதி ஓடிக்கொண்டே இருக்கும். மிச்சம் இருக்கிற கவனத்துக்கு ஏற்ற புத்தகம்தான் பயணத்துக்கு ஏற்ற புத்தகம்.

என் சோதனை எளிது. நான்கு பக்கம் வாசித்து, நடுவில் நிறுத்தி, இரண்டு நாள் கழித்துத் திறந்தால் இழை கிடைக்குமா? கிடைக்கும் என்றால் எடுத்துப் போகலாம். சிறுகதைத் தொகுப்பு, கட்டுரைகள், குட்டி அத்தியாயங்கள் கொண்ட நாவல், கடிதங்கள், நாட்குறிப்பு ஆகியவை இந்தச் சோதனையில் தேறும். குடும்ப மரத்தை முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நாவல் பெரும்பாலும் தேறாது.

இன்னொரு தந்திரம் உண்டு. புது நாவலை விமானத்தில் தொடங்காதீர்கள். கிளம்பும் வாரத்திலேயே தொடங்கி முதல் ஐம்பது பக்கத்தைத் தாண்டிவிடுங்கள். பாத்திரங்களின் பெயர்கள் பழகி, கதை உங்களை இழுக்கத் தொடங்கிய நிலையில் விமானம் ஏறினால் புத்தகமே கூப்பிடும். மறுவாசிப்பும் இதே காரணத்தால் பயணத்துக்கு நன்றாக ஒத்துப்போகும். தெரிந்த புத்தகம், தெரியாத ஊரில், பழைய நண்பர் கூட வந்த மாதிரி.

போகும் நாட்டைப் பற்றிய புத்தகத்தை எடுத்துப் போகலாமா என்று கேட்பார்கள். எடுத்துப் போகலாம், ஆனால் பாதியையாவது வீட்டிலேயே வாசித்துவிடுங்கள். ஊரைப் பார்ப்பதற்கு முன்னால் வாசித்தால்தான் அங்கே நின்று பார்க்கும்போது அது உதவும். முழு நாளும் ஊரைச் சுற்றிவிட்டு அறைக்கு வந்து, அதே ஊரின் வரலாற்றைப் படிக்க எனக்கு ஒருநாளும் மனசு வந்ததில்லை. அப்போது வேண்டியது வேறு உலகம்.

ஆக, இரண்டு புத்தகம் எடுத்தால் இரண்டும் வேறு வேறு குணமாக இருக்கட்டும். ஒன்று கொஞ்சம் கவனம் கேட்பது, இன்னொன்று துப்பறியும் கதை மாதிரித் தானாக ஓடுவது. கவிதைத் தொகுப்பு வாசிக்கும் பழக்கம் இருந்தால் அதைவிடச் சிறந்த பயணத் துணை இல்லை. எடை குறைவு, வரிசையில் நிற்கும் மூன்று நிமிடத்துக்கும் பொருந்தும்.

காகிதமா, திரையா?

எடையில் ஆரம்பிப்போம். முந்நூறு பக்கம் என்றால் நூற்றைம்பது தாள். ஏ5 அளவில், சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளில் அச்சடித்தால் தாள் மட்டுமே சுமார் 370 கிராம். அட்டை சேர்ந்தால் 400 கிராமை நெருங்கும். பல விமான நிறுவனங்கள் கையோடு எடுத்துப்போக 7 கிலோதான் அனுமதிக்கின்றன. ஐந்து புத்தகம் அதில் இரண்டு கிலோவைத் தின்றுவிடும். ஆறு அங்குலத் திரை கொண்ட அடிப்படைக் கிண்டில் 158 கிராம்தான். உள்ளே ஆயிரம் புத்தகம் போட்டாலும் அதே 158 கிராம்.

கிண்டில் போன்ற மின்னூல் வாசிப்புக் கருவியை, அதாவது இ-ரீடரை, ஃபோனோடு ஒப்பிடக் கூடாது. அதன் மின்மை (இ-இங்க்) திரை பக்கம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் எடுக்கும். மாறாத பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கச் செலவே இல்லை. அதனால்தான் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வருகிறது. மின்கலத்தைக் குடிப்பது திரையை ஒளிரவைக்கும் முன்விளக்கும் வைஃபையும்தான், விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் இன்னும் நாள் நீடிக்கும். காகிதம் மாதிரியே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் திரை என்பதால் கடற்கரை வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். ஃபோன் திரை அந்த வெயிலில் கண்ணாடியாகிவிடும்.

அப்படியானால் காகிதம் வேண்டாமா? வேண்டும் என்பதே என் கட்சி. காகிதப் புத்தகத்துக்கு மின்கலம் தீராது. கீழே விழுந்தால் உடையாது. தொலைந்தால் வருத்தம் உண்டு, பதற்றம் இல்லை. விடுதி நீச்சல்குளத்தின் அருகே விட்டுவிட்டுக் குளிக்கப் போகலாம். அதனால் இ-ரீடர் ஒன்று, மெல்லிய காகிதப் புத்தகம் ஒன்று என்று எடுத்துப் போகிறேன். முதல் பயணத்துக்காக அவசரமாக இ-ரீடர் வாங்க வேண்டாம். வாங்குவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்னதாக வாங்கி, வீட்டில் ஒரு புத்தகத்தையாவது அதில் முடித்துப் பாருங்கள். கைக்குப் பழகாத கருவி பயணத்தில் திறக்கப்படாமலே போகும்.

ஃபோன் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதுவும் சரி. வாசிப்புச் செயலியை முகப்புத் திரையில் தனியாக வையுங்கள், சமூக ஊடகச் செயலிகளை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுங்கள், வாசிக்கும்போது அறிவிப்புகளை நிறுத்துங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, பின்னணியை வெளிர் மஞ்சளாக்கினால் கண் சோர்வது குறையும். ஆனால் வழிகாட்டும் வரைபடம், பயணச்சீட்டு, பணம் செலுத்துவது எல்லாம் அதே ஃபோனில்தான் இருக்கும். மின்கலம் பாதிக்குக் கீழே வந்துவிட்டால் வாசிப்பை நிறுத்துவது நல்லது.

கோப்புகளைத் தயார் செய்வது

இந்த வேலையை விமான நிலையத்தில் செய்யலாம் என்று விட்டவர்கள் யாரும் செய்து முடித்ததில்லை. கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது முடித்துவிடுங்கள்.

தமிழில் வாசிக்க இலவசமாக, சட்டப்படி கிடைப்பவை நிறைய உண்டு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து நவீன உரைநடை வரை மின்னூல்களாகத் தருகிறது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் ஏராளம். ஃபிரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் எழுத்தாளர்களே விட்டுக்கொடுத்த நூல்கள் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களின் படிமங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் என்றால் 1971-இல் ஆரம்பித்த குட்டன்பெர்க் திட்டத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள்.

கிடைக்கும்போது எந்த வடிவத்தில் எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். இ-பப் வடிவமே பயணத்துக்கு ஏற்றது, ஏனென்றால் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். கிண்டிலுக்கு அனுப்பும் சேவையும் 2022 முதல் இ-பப் கோப்புகளை ஏற்கிறது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் அப்படியல்ல. அது வெறும் படம். ஆறு அங்குலத் திரையில் பக்கம் முழுவதும் காட்டினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். வேறு வழியில்லை என்றால் கருவியைக் குறுக்காகத் திருப்பி, ஓர வெள்ளையை வெட்டிவிட்டு, அரைப்பக்கம் அரைப்பக்கமாக வாசியுங்கள். நானாக இருந்தால் அந்தப் புத்தகத்தை வீட்டுக் கணினிக்கு விட்டுவிடுவேன்.

தமிழ்க் கோப்பு எதுவானாலும் இறக்கியவுடன் திறந்து நடுவில் இரண்டு பக்கம் வாசித்துப் பாருங்கள். யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்பாக இருந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். சில பழைய கருவிகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அட்டைப்படம் அழகாக இருக்கும், உள்ளே போனால்தான் தெரியும். இதை நடுவானில் கண்டுபிடிப்பது பெரிய ஏமாற்றம்.

காசு கொடுத்து வாங்கிய மின்னூல்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. உங்கள் நூலகப் பட்டியலில் அட்டை தெரிவதும் கோப்பு கருவிக்குள் இருப்பதும் ஒன்றல்ல. ஒவ்வொன்றையும் தொட்டு இறக்கி, பிறகு விமானப் பயன்முறையைப் போட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது உங்களோடு வருகிறது. அப்புறம், போகும் நாட்டின் பெயருக்குக் கணக்கின் நாட்டை மாற்றலாமா என்று தோன்றும். குறுகிய பயணத்துக்கு மாற்றவே வேண்டாம். கடைகளின் விற்பனை உரிமை நாடுவாரியாக இருப்பதால், மாற்றினால் சந்தா நின்றுபோகவும் வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே வாங்கியதை எந்த நாட்டிலிருந்தும் வாசிக்கலாம்.

நூலக உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள், அந்த நூலகம், மின்னூல் இரவல் தரும் லிப்பி செயலியில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். இரவலை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே வாசிக்கலாம், தவணை முடிந்தால் அதுவாகவே திரும்பிப் போய்விடும், அபராதம் கிடையாது. தவணை பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரம். ஆகவே இரவலைக் கிளம்பும் முந்தைய நாள் எடுங்கள். பத்து நாள் முன்னால் எடுத்து வைத்தால், கதை உச்சத்தில் இருக்கும்போது புத்தகம் காணாமல் போகும்.

ஒலிநூல்களையும் ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேர ஒலிக்கு 29 மெகாபைட் ஆகும், பத்து மணி நேர நாவலுக்கு 290 மெகாபைட். ரோமிங் டேட்டாவில் இறக்கினால் கட்டணம் கண்ணைக் கட்டும், வீட்டு வைஃபையிலேயே முடித்துவிடுங்கள். 2005-இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸில் பதிப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து வைத்திருக்கிறார்கள். குரல்கள் ஏற்ற இறக்கமாக இருக்கும். முதல் ஐந்து நிமிடம் கேட்டுப் பிடித்தால் மட்டும் எடுங்கள்.

பெட்டி கட்டும்போது

புத்தகமும் இ-ரீடரும் மேலே வைக்கும் பையில் போகக் கூடாது, இருக்கைக்குக் கீழே கால்மாட்டில் வைக்கும் சின்னப் பையில் போக வேண்டும். மேல் தட்டில் வைத்த புத்தகத்தை எடுக்க, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்ப வேண்டும். எழுப்ப மாட்டீர்கள். சினிமா பார்ப்பீர்கள்.

பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. தனி லித்தியம் மின்கலம் எதுவும் கையோடுதான் வர வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட்-மணி (Wh). பவர் பேங்கின் மேல் மில்லிஆம்பியர்-மணி (mAh) மட்டும் போட்டிருந்தால் 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள்: 20,000 என்றால் 74 வாட்-மணி, தாராளமாக அனுமதிக்குள் வரும். விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை போட்டிருக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. எனவே கருவியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டே ஏறுங்கள்.

ஃபோன், இ-ரீடர் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், மின்மாற்றி தேவையில்லை. மாறுவது செருகியின் வடிவம்தான். ஒரு பன்னாட்டு அடாப்டர் போதும்.

ஒரு சில்லறை விஷயம். இ-ரீடருக்குக் கடவு எண் வையுங்கள். கருவியின் பெயரில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைப் போட்டு, உறைக்குள் அதே முகவரியை ஒரு சீட்டிலும் எழுதி வையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

விமானத்திலும் வண்டியிலும்

ஏறி உட்கார்ந்தவுடன், திரையைத் தொடுவதற்கு முன் புத்தகத்தைத் திறந்துவிடுங்கள். விமானம் கிளம்பி மேலே ஏறும் அரைமணி நேரத்தில் வேறு எதுவும் செய்வதற்கில்லை, என் அனுபவத்தில் அதுதான் பயணத்திலேயே மிக நல்ல வாசிப்பு நேரம். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே இருக்கும். கண் உலர்ந்து எரியும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்கு மூக்குக்கண்ணாடிக்கு மாறிக்கொள்ளுங்கள், அவ்வப்போது கண்ணை மூடித் திறங்கள்.

வாசிப்பதை நிறுத்தும்போது புத்தகத்தை இருக்கைப் பையில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். இரவு நேர இறக்கம், தூக்கக் கலக்கம், எழுந்து நடந்துவிட்டேன். பெட்டி வரும் பட்டையின் அருகே நின்றபோதுதான் இ-ரீடர் நினைவுக்கு வந்தது. விமான நிறுவனத்துக்கு எழுதினேன், படிவம் நிரப்பினேன், பதில் வரவே இல்லை. அன்றே கணக்கில் புகுந்து அந்தக் கருவியை நீக்கியதால் அடுத்தவர் என் கணக்கில் புத்தகம் வாங்கும் ஆபத்தாவது இல்லாமல் போனது. இப்போது கையில் இல்லாத நேரமெல்லாம் அது கால்மாட்டுப் பைக்குள்ளேதான். பாதுகாப்புச் சோதனைத் தட்டும் இதே மாதிரிக் கருவியைத் தின்னும் இடம்தான், அங்கும் ஒரு கண் இருக்கட்டும்.

பேருந்திலும் காரிலும் வாசித்தால் சிலருக்குக் குமட்டும். உடல் ஆடுவதை உட்காது சொல்கிறது, அசையாத எழுத்தைப் பார்க்கும் கண் ஆடவில்லை என்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகாததால் வரும் தொல்லை அது. வீம்புக்கு வாசிக்க வேண்டாம். வெளியே தொலைவில் பார்த்துக்கொண்டே ஒலிநூல் கேளுங்கள். ரயிலில் பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நகரங்களுக்கு இடையே பேருந்தா ரயிலா என்று தேர்வு செய்யும் வாய்ப்பு வந்தால், நான் ரயில் பக்கம் சாய்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

விடுதி வைஃபை என்னும் தலைவலி

போன இடத்தில் புதிதாக ஒரு மின்னூல் வாங்கிவிட்டீர்கள், இ-ரீடரில் இறக்க வேண்டும். விடுதி வைஃபை அறை எண்ணும் பெயரும் கேட்கும் ஒரு பக்கத்தைத் திறக்கும். இ-ரீடரின் எளிய உலாவியில் அந்தப் பக்கம் பல நேரம் வராது. ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதில் இணைத்துவிடுங்கள். அப்படியும் ஹாட்ஸ்பாட்டே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், பழைய இ-ரீடர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் பிடிக்கும் என்பதே காரணமாக இருக்கும். ஃபோனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் அந்த அலைவரிசைக்கு மாற்ற வழி இருக்கிறது. எழுத்து மட்டுமே உள்ள மின்னூல் ஒன்றிரண்டு மெகாபைட்தான், டேட்டா போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம்.

தூக்கம் வராத இரவுகள்

நேர மண்டலம் தாண்டியவர்களுக்கு முதல் மூன்று நான்கு இரவுகள் இனாம். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் புரண்டுகொண்டு கிடக்காமல் வாசியுங்கள். ஆனால் வெளிச்சத்தில் கவனம் வேண்டும். இரவில் பிரகாசமான வெளிச்சம் கண்ணில் பட்டால் உடலின் கடிகாரம் இன்னும் குழம்பும். அறை விளக்கைப் போடாமல், இ-ரீடரின் முன்விளக்கை மிகக் குறைத்து, வெம்மையான நிறத்தில் வைத்து வாசியுங்கள். காகிதம் என்றால் அட்டையில் கவ்வும் சின்ன விளக்கு. ஃபோன் வேண்டவே வேண்டாம், ஒரு செய்தியைப் பார்த்தால் ஊரில் பகல் என்பது ஞாபகம் வந்து பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

இந்த நேரத்துக்குத்தான் முன்னே சொன்ன மறுவாசிப்பு. கண் செருகும்வரை மெதுவாகப் போகும் பழகிய புத்தகமாக இருந்தால் நல்லது. துப்பறியும் கதையை இந்த நேரத்துக்கு எடுத்து, விடியும்வரை வாசித்து, மறுநாள் அருங்காட்சியகத்தில் நின்றபடியே தூங்கியிருக்கிறேன்.

ஊருக்குள் வாசிக்க இடம்

விடுதி அறையில் மட்டுமே வாசிக்க வேண்டும் என்று இல்லை. பெரும்பாலான நகரங்களில் பொது நூலகத்துக்குள் யாரும் போய் உட்காரலாம். இரவல் எடுக்கத்தான் உறுப்பினர் அட்டை தேவை. காலையெல்லாம் நடந்து கால் கெஞ்சும் மதியத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை. குளிர்ச்சி, நாற்காலி, கழிப்பறை, அமைதி நான்கும் இலவசம்.

பாஸ்டன் பொது நூலகத்தின் 1895-ஆம் ஆண்டுக் கட்டடத்தில் பேட்ஸ் ஹால் என்ற நீண்ட வாசிப்பறை இருக்கிறது. வளைந்த உயரமான கூரை, வரிசையாகப் பச்சை விளக்குகள். பின்லாந்தின் ஹெல்சின்கியில் 2018 டிசம்பரில் திறந்த ‘ஓடி’ என்ற நூலகத்தின் மேல்தளம் முழுக்க வெளிச்சமும் புத்தகமும்தான். சிங்கப்பூரின் விக்டோரியா தெருவில் உள்ள தேசிய நூலகத்தில் தமிழ் நூல்களும் உண்டு. தமிழ் அங்கே அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று. டொரான்டோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள், அவற்றில் சிலவற்றில் தமிழ் அடுக்குகளைப் பார்க்கலாம். அந்நிய ஊரில் தமிழ் முதுகெழுத்துகள் வரிசையாக நிற்பதைப் பார்ப்பது தனிச் சுகம்.

எல்லா நூலகமும் இப்படி இல்லை. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் ஆய்வு வாசிப்பறைகளுக்குள் போக வாசகர் அட்டை வேண்டும், அதற்கு அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். ஆனால் பொதுக்கூடங்களில் உட்கார்ந்து சொந்தப் புத்தகம் வாசிக்கத் தடையில்லை. எங்கே போவதானாலும் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஞாயிறும் பொது விடுமுறையும் பலரை ஏமாற்றியிருக்கின்றன.

புத்தக ஊர்களுக்கே பயணத்தில் ஒருநாள் ஒதுக்குகிறவர்களும் உண்டு. வேல்ஸில், இங்கிலாந்து எல்லையை ஒட்டிய ஹே-ஆன்-வை என்ற சிற்றூர் பழைய புத்தகக் கடைகளால் பேர் வாங்கியது. 1988 முதல் அங்கே இலக்கிய விழாவும் நடக்கிறது. விழா நாட்களில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம், கூட்டம் வேண்டாம் என்றால் வேறு வாரத்தில் போங்கள். டோக்கியோவின் ஜிம்போச்சோ பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட பழைய புத்தகக் கடைகள். அவற்றில் பல தெருவின் தெற்குப் பக்கத்தில் வடக்கு பார்த்து நிற்கும், வெயில் பட்டுப் புத்தகம் வெளிறிவிடக் கூடாதே என்று. ஜப்பானிய மொழி தெரியாதவர்களும் பழைய வரைபடங்களையும் மரச்செதுக்கு ஓவியங்களையும் புரட்டிக்கொண்டு பாதி நாளைக் கழிக்கலாம். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரின் லிவ்ராரியா லெல்லோ 1906-இல் திறந்த கட்டடத்தில் இயங்கும் கடை. கூட்டம் தாங்காமல் நுழைவுச்சீட்டு வைத்துவிட்டார்கள். புத்தகம் வாங்கினால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். அது பார்க்க வேண்டிய கடை, வாசிக்க ஏற்ற கடையல்ல.

தெருவோரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன மரப்பெட்டியில் புத்தகங்கள் இருந்தால் தயங்காமல் திறங்கள். 2009-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒருவர் வீட்டு முன்னால் வைத்த பெட்டியிலிருந்து பல நாடுகளுக்குப் பரவிய வழக்கம் அது. ஒன்றை எடுக்கலாம், ஒன்றை வைக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். முடித்த காகிதப் புத்தகத்தை விட்டுச் செல்ல இதைவிட நல்ல இடம் இல்லை. இளைஞர் விடுதிகளின் வரவேற்பறையிலும் இப்படி ஒரு அடுக்கு இருக்கும். தமிழ்ப் புத்தகத்தை அங்கே விட்டால் யார் எடுப்பார்கள் என்று எனக்கும் சந்தேகம்தான். ஒருமுறை விட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து அது அங்கே இல்லை.

திரும்பும்போது

வாங்கிய புத்தகங்களைக் கடைசி இரவில் எடை போடாதீர்கள், வாங்கும் நாளிலேயே மனக்கணக்கு வையுங்கள். செக்-இன் பெட்டிக்கு 23 கிலோ என்றால், வரும்போதே இருபது இருந்திருந்தால் ஏழு புத்தகத்துக்கு மேல் இடமில்லை. அதற்கு மேல் போனால் கடையிலேயே அஞ்சலில் அனுப்புவார்களா என்று கேளுங்கள். பல நாட்டு அஞ்சல் துறைகளில் அச்சு நூல்களுக்கென்று தனிக் கட்டணம் இருக்கிறது, மெதுவாகத்தான் வரும், ஆனால் விமானத்தின் கூடுதல் எடைக் கட்டணத்தைவிடக் குறைவாக முடியும் வாய்ப்பு அதிகம். புத்தகங்களைப் பெட்டியின் சக்கரப் பக்கத்தில் முதுகு கீழே இருக்கும்படி அடுக்கி, இடுக்கில் துணியைத் திணித்தால் முனை மடங்காது.

பாதியில் நிற்கும் புத்தகத்தை மட்டும் பெட்டியில் போடாமல் கையிலேயே எடுத்து வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் துவைக்கும் துணியை எடுப்பதற்கு முன் அதைத் தலையணைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். எப்படியும் அன்று இரவு மூன்று மணிக்கு விழிப்பு வரும்.